நான் ஆள் இல்லீங்க, கம்பெனி!

இளைய வில்லியம் பிட் 1806இல் கண்ணை மூடியபோது ஏறக்குறைய 40,000 பவுண்டு கடன் வைத்துவிட்டுப் போனார். நாடாளுமன்றம் பெருந்தன்மையோடு அதை அடைத்தது. யார் காசில் என்று கேட்கக் கூடாது. பிரிட்டனுக்கு வருமான வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிரதமர் இவர்தான். நாட்டு மக்கள் எல்லோருடைய வரவையும் எண்ணிப் பார்த்தவருக்குச் சொந்த வீட்டுக் கணக்கைப் புரட்ட மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

பிரான்சோடு சண்டை, கஜானா காலி. 1799இல் வரி வந்தது. ஆண்டுக்கு 60 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தால் ஒன்றுமில்லை, 200க்கு மேலே போனால் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோடி பவுண்டு தேறும் என்று பிட் கணக்குப் போட்டார். வந்தது சுமார் 60 லட்சம். ஆடிட்டர் என்ற இனம் இன்னும் முழுசாக உருவாகாத அந்தக் காலத்தில், முதல் வருஷத்திலேயே மிச்ச 40 லட்சத்தை ஒளித்துவைத்த முன்னோர்களுக்கு லண்டனில் ஒரு சிலைகூடக் கிடையாது. பிட்டுக்கு இருக்கிறது.

1802இல் சமாதானம் வந்ததும் வரி போனது, 1803இல் சண்டை வந்ததும் வரி வந்தது. வாட்டர்லூவில் நெப்போலியனை ஒரு வழியாக முடித்த பிறகு, 1816இல் அதை ஒழித்த நாடாளுமன்றம், இந்த அவமானத்துக்குச் சாட்சியே இருக்கக் கூடாது என்று வரி ஏடுகளை எல்லாம் அழிக்கச் சொன்னது. ஏடுகள் அழிந்தன. ஆனால் நகல் ஒன்று வேறொரு அரசு அலுவலகத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 1842இல் பிரதமர் ராபர்ட் பீல், “மூன்றே மூன்று வருஷத்துக்கு” என்று சொல்லி மறுபடி கொண்டுவந்தார். அந்த மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை. சட்டப்படி பார்த்தால் பிரிட்டனின் வருமான வரி இன்றைக்கும் தற்காலிகம்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் தேதி அது காலாவதியாகிவிடும், நாடாளுமன்றம் மறுபடி உயிர் கொடுக்க வேண்டும்.

இந்தத் தற்காலிக வியாதி கப்பலேறி நம்ம பக்கமும் வந்தது. 1857 கலகத்தை அடக்கிய செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் என்ற துரையைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ‘தி எகனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். 1860இல் இந்தியாவில் வருமான வரியை அறிமுகம் செய்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பில் போய்ச்சேர்ந்தார். வரியை முதலில் எதிர்த்தது சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். எதிர்ப்பை ரகசியக் கோப்பில் எழுதாமல் ஊர் அறியப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். உடனே பெட்டி படுக்கையோடு லண்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அப்புறம் அவரையே இந்தியாவின் நிதி உறுப்பினராக்கித் திருப்பி அனுப்பினார்கள். 1865இல் அந்த வரி காலாவதியானபோது அவர் பிடித்து நிறுத்தவில்லை. வரியைக் குறைத்ததில் நம் சென்னைக்கும் இப்படி ஒரு சின்னப் பங்கு உண்டு.

சரி, நம் கதாநாயகனுக்கு வருவோம். அவன் பெயர் ஒப்பந்தக்காரன். ரோடு போட்டு மறுநாளே குழி காட்டும் ரகம் இல்லை, கைத்தொழிலோ மூளைத்தொழிலோ தெரிந்த ஆள். ஒரே இடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாலும், “நான் இங்கே வேலை பார்க்கவில்லை” என்று சத்தியம் செய்யக்கூடியவன். இவனுடைய குலகுரு ஒரு தோட்டக்காரர்.

இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் லண்டனின் மேஃபேர், பெல்கிரேவியா என்று பேட்டை பேட்டையாகச் சொத்து வைத்திருந்த மனிதர். அவர் தோட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்தால் அதற்கு வரிவிலக்கு இல்லை. ஆனால் ஒரு பத்திரம் எழுதி, “உன் கடந்தகாலச் சேவையை மெச்சி வருஷா வருஷம் இவ்வளவு தருகிறேன்” என்று சொன்னால் அந்தத் தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எனவே பத்திரம் தயாரானது. தோட்டக்காரர் வழக்கம்போல மண்வெட்டியோடு வந்தார், வழக்கம்போல வாராவாரம் காசு வாங்கினார். காகிதத்தில் மட்டும் அது சம்பளம் இல்லை. கேட்டால் தனியாகச் சம்பளமும் கோரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது, ஆனால் கேட்க மாட்டார் என்று “எதிர்பார்க்கப்பட்டது”. கோமகனிடம் இரண்டாவது சம்பளம் கேட்கும் தோட்டக்காரர் மறுநாள் எந்தத் தோட்டத்தில் இருப்பார் என்று அவருக்கும் தெரியும்.

வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1935இல் ஒருவர் தவிர மற்ற நீதிபதிகள் எல்லாம் கோமகன் பக்கம் நின்றார்கள். சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைக்கும்படி தன் விவகாரங்களை அமைத்துக்கொள்ள எவனுக்கும் உரிமை உண்டு, வரித்துறை முகம் சுளித்தால் சுளிக்கட்டும் என்பது தீர்ப்பின் சாரம். பிரிட்டிஷ் ஆடிட்டர்களுக்கு இது வேதம். அந்தத் தோட்டத்தில் வேறு என்ன விளைந்ததோ, வரி ஆலோசனைத் தொழில் செழித்து வளர்ந்தது.

1944இல் அரசாங்கம் சம்பளக்காரன் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து நாடு இரண்டாகப் பிரிந்தது: பிடித்தது போக வாங்குபவன், வாங்கிய பின் யோசிப்பவன். யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்ய நீதிமன்றங்கள் படாத பாடு பட்டன. 1968இல் ஒரு கான்கிரீட் கம்பெனியின் லாரி ஓட்டுநர் வழக்கு வந்தது. லாரிக்குக் கம்பெனியின் வண்ணம், ஓட்டுநருக்குக் கம்பெனியின் சீருடை, சரக்கு கம்பெனியுடையது, போகும் இடம் கம்பெனி சொல்லும் இடம். லாரி மட்டும் அவர் தவணையில் வாங்கியது, அந்தத் தவணையும் கம்பெனியின் சகோதர நிறுவனத்திடம். எல்லாவற்றையும் பார்த்த நீதிபதி, இவர் தனித் தொழில் நடத்தும் முதலாளி என்றார். வேண்டுமானால் தன் இடத்தில் வேறொரு ஓட்டுநரை அமர்த்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததும் ஒரு காரணம். அந்த ‘மாற்றாள்’ சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கப் போகிறார்கள்.

1970களில் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கே உச்ச வரி 83 சதவீதம். முதலீட்டில் வந்த பணம் என்றால் 98. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு 1971லேயே பிரான்சுக்கு மூட்டை கட்டியது. கிதார் வாசிக்கத் தெரியாதவர்கள் பாலைவனத்துக்குப் போனார்கள், அதற்கும் அரசாங்கமே வழி செய்திருந்தது. 1977 முதல், 365 நாள் வெளிநாட்டில் வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்துக்கு வரியே இல்லை. இடையில் ஊருக்கு வரலாம், ஆனால் ஒரே மூச்சில் 62 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குழாய் பற்றவைக்கப் போன பொறியாளர்கள் எல்லாம் பஞ்சாங்கக்காரர்களாகத் திரும்பி வந்தார்கள். மகன் கல்யாணம் 63ஆவது நாளில் வந்தால் முகூர்த்தத்தை மாற்றுவதா விமானத்தை மாற்றுவதா என்று குடும்பத்தில் கலவரம்.

வெளிநாட்டிலேயே குடியேறிவிட்டதாகச் சொன்னவர்களுக்கு வேறு கணக்கு. சராசரியாக ஆண்டுக்கு 91 நாளுக்குள் பிரிட்டனில் இருந்தால் போதும், அதிலும் வந்த நாள், போன நாள் இரண்டும் கணக்கில் சேராது. திங்கள் காலை இறங்கிச் செவ்வாய் இரவு ஏறியவர் அரசாங்கப் பார்வையில் வரவே இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனதற்கு ஓட்டலில் பில் இருக்கலாம், வரித்துறையில் ஆள் இல்லை. 2008இல்தான், நள்ளிரவில் எங்கே இருந்தாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நிதியமைச்சர் கார்டன் பிரவுன் 1998 மார்ச் பட்ஜெட்டில் அந்த 365 நாள் சலுகையை ஒழித்தார், கப்பல் மாலுமிகளுக்கு மட்டும் விட்டுவைத்தார். இங்கேதான் வட கடலில் எண்ணெய் தோண்டுகிறவர்கள் கையை உயர்த்தினார்கள்: “நாங்களும் மாலுமிதானே?” அவர்கள் வேலை பார்த்தது கடலடியில் மூன்று நான்கு கால் ஊன்றி, தண்ணீரை விட்டு மேலே எழும்பி நிற்கும் ராட்சத மேடைகளில். என்ஜின் இல்லை, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இது கப்பலா? விக் வைத்த பெரிய மனிதர்கள் ஆழ்ந்து யோசித்து, 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கப்பல்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எப்போதாவது மிதக்கிறதே, போதாதா! அரசாங்கம் இதற்குள் சுதாரித்துக்கொண்டு, புதிய சட்டத்தில் இந்த மேடைகள் கப்பலாகாது என்று எழுதிவைத்துவிட்டது. பழைய ஆண்டுகளுக்குக் கப்பல், புதிய ஆண்டுகளுக்கு மேடை. கால் மட்டும் அதே இடத்தில்.

அதே கடலுக்கு அடியில் இன்னும் பெரிய நாடகம். கடலடியில் மூழ்கி வேலை செய்யும் டைவர்கள் சொந்தச் செலவு நிறையச் செய்கிறார்கள் என்று இரக்கப்பட்டு, 1978இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். டைவர் ஒருவர் ஊழியராகவே இருந்தாலும் வரிக்கு அவரை ஊழியர் என்று பார்க்கக் கூடாது, தொழில் நடத்துபவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் வசித்த ஒரு டைவர் இதைப் படித்தார். இரு நாட்டு ஒப்பந்தப்படி, ஊழியர் சம்பளத்துக்கு வேலை செய்த நாட்டில் வரி, தொழில் லாபத்துக்கு வசிக்கும் நாட்டில் வரி. “நான் தொழிலதிபர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் பிரிட்டனுக்கு வரி கிடையாது” என்றார். முதல் தீர்ப்பாயம் சரி என்றது. அடுத்தது இல்லை என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. 2020இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது: தொழிலதிபர் என்று பாவனை செய்யச் சொன்னது உள்நாட்டுக் கணக்குக்கு மட்டும், வெளியே வந்து அதை உண்மை என்று நம்பிவிடக் கூடாது. நாலு படியில் நாலு பதில் வாங்கிய அந்த மனிதர் கடலுக்கடியில் நிம்மதியாக இருந்திருப்பார் என்று தோன்றுகிறது.

கரைக்கு வருவோம். 1975இல் ஏஜென்சி வழியாக வேலைக்குப் போகிறவர்களை எல்லாம் ஊழியர் போலப் பாவித்து வரி பிடிக்கச் சட்டம் வந்தது. பிடிக்கும் பொறுப்பு ஏஜென்சி தலையில். ஏஜென்சிக்காரர்கள் புத்திசாலிகள். “தனி ஆளாக வராதே, கம்பெனியாக வா” என்றார்கள். கணினி புரோகிராமர்கள் ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினார்கள். நிர்வாக இயக்குநர் அவரே, ஊழியர் அவரே, ஆபீஸ் பையனும் அவரே. கம்பெனியிடமிருந்து வரி எல்லைக்குள் அடங்கும்படி சொற்பச் சம்பளம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டிவிடெண்டாக எடுத்தால் அதற்குத் தேசியக் காப்பீட்டுச் சந்தா இல்லை. ஏய்ப்பு இல்லை, எல்லாம் சட்டப்படி. இந்த நாட்டில் ஒவ்வொரு ஓட்டையையும் தோண்டியது அரசாங்கம்தான், குனிந்து புகுந்தவனைத்தான் திருடன் என்றார்கள்.

1999 மார்ச் 9, பட்ஜெட் நாள். வரித்துறை அன்று வெளியிட்ட குறிப்புகளில் 35ஆவது எண் தாங்கிய ஒரு துண்டுக் காகிதம் எல்லோர் தலையிலும் விழுந்தது. ஐ.ஆர்.35 என்று இன்றும் அதற்கு அந்த எண்தான் பெயர். வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, திங்கட்கிழமை அதே நாற்காலிக்கு ஒப்பந்தக்காரராகத் திரும்பி வருகிறார்களே, அந்தப் பிழைப்பு இனி நடக்காது என்றது. கம்பெனியை நடுவிலிருந்து நீக்கிப் பார்த்தால் நீ ஊழியன்தான் என்று தெரிந்தால், ஊழியன் போல வரி கட்டு. 2000 ஏப்ரல் 6 முதல் அமல். ஒப்பந்தக்காரர்கள் சங்கம் கட்டினார்கள், நீதிமன்றம் போனார்கள், 2001இல் தோற்றார்கள்.

அதன் பிறகுதான் உண்மையான நடிப்பு தொடங்கியது. நான் ஊழியன் இல்லை என்று காட்ட வேண்டுமே! வங்கியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் வங்கி கேன்டீனில் சலுகை விலையில் சாப்பிடக் கூடாது, ஊழியர் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விடக் கூடாது, கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகவே கூடாது என்று ஆலோசகர்கள் பத்தியம் சொன்னார்கள். ஒரு டம்ளர் ஓசி ஒயின் பல்லாயிரம் பவுண்டு வரியாக முடியலாம். சொந்த லெட்டர்பேடு, சொந்த இணையதளம், சொந்தக் காப்பீடு. முக்கியமாக, ஒப்பந்தத்தில் அந்த கான்கிரீட் லாரிக்காரரின் மாற்றாள் வாசகம். எனக்கு வசதிப்படாவிட்டால் என் இடத்தில் வேறொருவரை அனுப்புவேன் என்று எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால் வாசலில் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பியிருப்பார்.

அதே கார்டன் பிரவுன் 2002இல் ஒரு காரியம் செய்தார். சிறு கம்பெனிகளை ஊக்குவிக்க, முதல் 10,000 பவுண்டு லாபத்துக்குக் கம்பெனி வரி பூஜ்யம். கம்பெனி தொடங்காதே என்று கன்னத்தில் அறைந்தவரே கம்பெனி தொடங்கினால் மிட்டாய் என்றார். டாக்சி ஓட்டுபவர், பிளம்பர், தச்சர் எல்லோரும் ஒரே இரவில் லிமிடெட் ஆனார்கள். 2004இல் பாதியைப் பிடுங்கினார், 2006இல் பூஜ்யத்தையே பூஜ்யமாக்கினார். இதற்கெல்லாம் முன்பே வரித்துறை தன் பங்குக்கு 2001இல் தன் சொந்தக் கட்டடங்களை, ஏறக்குறைய 600 அலுவலகங்களை, ஒரு கம்பெனிக்கு விற்று அதனிடமே வாடகைக்கு இருந்தது. கட்டடங்கள் போய்ச்சேர்ந்த கம்பெனி பெர்முடாவில் பதிவானது. வரி இல்லாத தீவு. வரி வசூலிக்க உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் இருந்த தரையே வரிக்குத் தப்பி ஓடிப்போயிருந்தது.

மனைவிமார்களையும் விடவில்லை. ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் என்ற குட்டிக் கம்பெனியில் கணவர் கணினி வேலை பார்த்தார், மனைவி வாரத்தில் சில மணி நேரம் கணக்கு எழுதினார். ஆளுக்கு ஒரு பங்கு, விலை 1 பவுண்டு. டிவிடெண்டைப் பிரித்துக்கொண்டதால் வரி குறைந்தது. மனைவி பங்கும் கணவர் வருமானம்தான் என்றது வரித்துறை. 2007இல் பிரபுக்கள் சபை தம்பதி பக்கம் தீர்ப்பளித்தது. கல்யாணமான பெண்ணுக்கு வரித்துறையிடமிருந்து கிடைத்த பெரிய சீர் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்குள் கெட்டிக்காரர்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். சம்பளம் வாங்கினால்தானே வரி, கடன் வாங்கினால்? மேன் தீவில் ஓர் அறக்கட்டளை. ஒப்பந்தக்காரருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மட்டும் சம்பளம், மீதி எல்லாம் அறக்கட்டளை தரும் கடன். அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க யாரும் வர மாட்டார்கள். நம்மூர்க் கந்துவட்டிக்காரர் இந்தத் திட்டத்தைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். இதே சரக்கின் ஜெர்சி தீவுப் பதிப்பு கே2. அதில் நகைச்சுவை நடிகர் ஜிம்மி கார் இருந்தது 2012இல் வெளியானது. அதற்கு முன் தொலைக்காட்சியில் ஒரு வங்கியின் வரித் தந்திரத்தைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கியவர் அவர். பிரதமர் டேவிட் கேமரன் இது ஒழுக்கக்கேடு என்று மெக்சிகோவிலிருந்து கண்டித்தார். நான்கு வருஷம் கழித்து, தன் அப்பா நடத்திய வெளிநாட்டு நிதியில் தனக்கும் பங்கு இருந்ததாகக் கேமரனே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

கார் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தப்பித்தார். சாமானியர்கள் தப்பவில்லை. 2016இல் அறிவித்து 2019இல் அமலான ‘கடன் வரி’ 20 வருஷக் கடன்களை எல்லாம் ஒரே நாளின் வருமானமாகக் கூட்டியது. அதில் நர்சுகளும் சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். ஏஜென்சி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு அறியாதவர்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பரிசீலனைக்குப் பிறகு 2010 டிசம்பருக்கு முந்தைய கடன்களை விட்டுவிட்டார்கள். வரித்துறைக்கே வேலை பார்த்த ஒப்பந்தக்காரர்கள் சிலரும் இப்படித்தான் ‘கடன்’ வாங்கினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அரசாங்கம் எப்போதும் தன் வீட்டைக் கடைசியாகத்தான் பெருக்கும். 2012இல் மாணவர் கடன் நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கே சம்பளம் பிடித்தமில்லாமல் அவருடைய சொந்தக் கம்பெனிக்குப் போவது அம்பலமானது. தேடிப் பார்த்தால் அரசின் உயர் இடங்களில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் அதே ரகம். எனவே 2017 முதல் அரசுத் துறைகளில், யார் ஊழியர் என்று துறையே முடிவு செய்ய வேண்டும், தவறினால் துறையே கட்ட வேண்டும் என்றார்கள். வரித்துறை ஒரு கணினிக் கேள்வித்தாளும் கொடுத்தது. பணி மற்றும் ஓய்வூதியத் துறை அதில் தட்டிப் பார்த்து நம்பிக்கையோடு முடிவு செய்தது. முடிவில் 8 கோடியே 80 லட்சம் பவுண்டு அளவுக்கு வரி பாக்கி. மக்கள் பணம் ஒரு துறையின் பையிலிருந்து இன்னொரு துறையின் பைக்குப் போனது. நடுவில் கணக்குப் பார்த்தவர்களுக்கு மட்டும் லாபம்.

2019இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் லொரைன் கெல்லி, ஐ.ஆர்.35 பெயரில் வந்த சுமார் 12 லட்சம் பவுண்டு வரிக் கோரிக்கையை எதிர்த்து ஜெயித்தார். அவர் பெயரில், அவர் முகத்தோடு, காலையில் சிரித்துப் பேசும் அந்த லொரைன் கெல்லி வேறு, நிஜ லொரைன் கெல்லி வேறு. திரையில் வருவது அவர் ஏற்று நடிக்கும் பாத்திரம், எனவே அவர் நடிகை, ஊழியர் அல்ல என்று தீர்ப்பாயம் எழுதியது. ஆபீசில் முதலாளியைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொருவரும் மேல்முறையீடு செய்ய வேண்டிய தீர்ப்பு.

2021இல், யார் ஊழியர் என்று முடிவு செய்யும் பொறுப்பு தனியார் கம்பெனிகளுக்கும் போனது. வங்கிகள் பயந்துபோய் ஒப்பந்தக்காரர்களைக் கூட்டமாக வெளியேற்றின. அப்போது வந்தார் நிதியமைச்சர் க்வாசி க்வார்டெங். 2022 செப்டம்பர் 23 அன்று எழுந்து நின்று 2017, 2021 மாற்றங்கள் இரண்டையும் ரத்து செய்கிறேன் என்றார். ஒப்பந்தக்காரர்கள் பட்டாசு வாங்கப் போனார்கள். கடை திறப்பதற்குள் பவுண்டு சரிந்து, அக்டோபர் 14 அன்று அவர் பதவி போனது. 17ஆம் தேதி, அவருக்குப் பின் வந்த ஜெரமி ஹன்ட் அந்த ரத்தை ரத்து செய்தார்.

நிதியமைச்சராக க்வார்டெங் இருந்தது 38 நாள். ஐ.ஆர்.35 கேள்வித்தாளில் அவர் விவரத்தைப் போட்டுப் பார்க்கலாம். குறுகிய காலப் பணி. நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தம். செய்த வேலையைத் திருத்தும் பொறுப்பு அடுத்தவர் தலையில். அன்றைக்கே அதே நாற்காலியில் மாற்றாள். அசல் ஒப்பந்தக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு குறை, மாற்றாளை அவர் தானே அனுப்பவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக வரித்துறை அவரை ஊழியர் என்று சொல்லிப் பிடித்தம் செய்திருக்கும்.